பழைய டிவிக்குள் ஒட்டிய உறை

யிங்தாய் இரண்டாம் எண் மேல்நிலைப் பள்ளி,
மாணவியர் விடுதி, அறை 306.
12 செப்டம்பர் 2010, ஞாயிறு

டிவி வயிற்றைக் கிழித்து வைத்தியம் பார்க்கும் அப்பாவுக்கு,

உங்கள் ஒரே மகள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் 'நலம்' என்று ஒரு சொல்லை எழுதி அத்தோடு கடையைக் கட்டிவிடுவீர்கள்.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். விடுதியில் சேர்ந்த அன்றே வகுப்பாசிரியை எல்லாருடைய செல்ஃபோனையும் பிடுங்கி மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டார். கேன்டீன் பக்கத்தில் கார்டு ஃபோன் இருக்கிறது. ஆனால் ஃபோனில் நீங்கள் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். காகிதத்தில் சிரிப்புச் சத்தம் கேட்காது. அதனால் காகிதம்.

இங்கே நிலைமை இதுதான். வருகைப் பதிவில் 'மியாவ் ஷுவாங்' என்று கூப்பிட்டதும் கடைசி வரிசை மொத்தமும் பூனை மாதிரிக் கத்துகிறது. இந்தக் குடும்பப் பெயரைக் கொடுத்ததற்கு உங்கள் மேல் தனியாக ஒரு வழக்கு இருக்கிறது. சனிக்கிழமைகளில் அம்மா வேலை செய்யும் கடைக்குப் போகிறேன். அம்மா சிவப்புப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு, "பழசைக் கொடுங்க, புதுசை எடுங்க, பத்துல ஒரு பங்கு அரசாங்கம் தருது!" என்று ஒலிபெருக்கியில் கூவுகிறாள். நான் ஃபிரிட்ஜ். நிஜமாகத்தான். அட்டையில் செய்த ஃபிரிட்ஜ் உடுப்புக்குள் என்னை நுழைத்து வாசலில் ஆடவிடுகிறார்கள். ஐஸ் வைக்கிற இடத்தில் ஓட்டை போட்டு என் முகம். உலகத்திலேயே உள்ளே வியர்க்கிற ஒரே ஃபிரிட்ஜ் நான்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மக்கள் கொடுத்த பழைய டிவிகள் கடையின் பின்முற்றத்தில் என் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன. புதுச் சாமான் இறக்க ஹஃபெயிலிருந்து வருகிற லாரிதான் திரும்பும்போது இவற்றை ஏற்றிப் போகிறது. எங்கே என்று ஓட்டுநர் தோங் மாமாவைக் கேட்டேன். "பிரிக்கிற ஆலைக்குத்தான் பாப்பா. பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி புது மெஷினாக்குவாங்க, அதை நான் மறுபடி உங்க கடைக்கே கொண்டாருவேன். எனக்கும் லாரிக்கும் இந்த ஜென்மத்துல விடுதலை இல்ல," என்றார். அதாவது உங்கள் ஆலைக்கு. உங்கள் மேசைக்கு. நீங்கள் சொல்வது உண்மையானால்.

கடைசி மூன்று சொற்கள் அம்மாவுடையவை. "அந்த ஆளு டிவியைத் திறக்கிறானோ இல்லியோ, வாயைத் திறந்தா பொய்," என்கிறாள். என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை அப்பா. வூஷி ஏசி ஆலையில் வேலை போனதை நான்கு மாதம் மறைத்தது யார்? இரவல் சீருடையில் ஆலை வாசலில் நின்று ஃபோட்டோ அனுப்பியது யார்? அம்மா ஃபோன் செய்தபோது, "ஃபோர்மேன் பேசறேன், மியாவ் மெஷின்ல இருக்காரு" என்று நண்பரைப் பேசவைத்தது யார்? குறும்பில் நான் யார் மகள் என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் அதிலிருந்து ஃபோட்டோ, அடையாள அட்டை, ஃபோன் எதையும் அம்மா நம்புவதில்லை. உங்கள் கருவிப் பெட்டியைப் பழைய சாமான்காரனுக்கு எடைக்குப் போட்டாள். போன புத்தாண்டுக்கு உங்களை வாசலோடு அனுப்பினாள்.

ஆகவே ஒரு திட்டம். அம்மா ஒரு துண்டுத் தாளில் ஒரு சொல் எழுதினாள். என்ன சொல் என்று எனக்கே காட்டவில்லை, உங்களுக்கு உளவு சொல்லிவிடுவேனாம். உறையில் போட்டு, பசை தடவி, மூடிய இடத்தில் கையெழுத்தும் போட்டாள். அதை நான் ஒரு இருபத்தொரு அங்குல டிவியின் பின்மூடிக்குள் ஒட்டித் திருகுகளை முடுக்கிவிட்டேன். முடிதிருத்தும் காவ் மாமாவின் டிவி. அதன் அடியில் ஆணியால் பூனை முகம் கீறியிருக்கிறேன்.

அந்தப் பெட்டி எப்படியும் உங்களிடம் வரும். திறந்து, அந்தச் சொல்லை எனக்கு எழுதுங்கள். எழுதினால் பிப்ரவரியில் வருகிற புத்தாண்டுக்கு வீட்டுக் கதவு திறக்கும் என்று அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறாள். எழுதாவிட்டால் திறக்காது, அதற்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

உள்ளே வியர்க்கும் ஃபிரிட்ஜ்,
மியாவ் ஷுவாங்

❖

ஹஃபெய், ஆலைத் தொழிலாளர் விடுதி
24 செப்டம்பர் 2010

என் பூனைக்குட்டிக்கு,

அப்பா அன்போடு எழுதுவது. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை வூஷி வந்த இடத்தில் மடித்து வைத்துவிட்டேன். மூன்றாம் முறை பயந்தேன்.

டிவியைத் திறந்தாயாமே! கண்ணாடிக் குழாயின் மேலே ஒரு ரப்பர் மூடி இருக்கும், பார்த்திருப்பாய். பிளக்கைப் பிடுங்கி நாள் கணக்கானாலும் அதற்கு அடியில் மின்சாரம் பதுங்கியிருக்கும். இனிமேல் திறக்காதே. திறந்தே தீருவேன் என்றால், நீ திறந்தே தீருவாய், ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொள். இரண்டு கையும் உள்ளே போனால்தான் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். ஒரு கை. பையில். மனப்பாடம் செய். அது சரி, எதை வைத்துத் திறந்தாய்? என் பச்சைப் பிடித் திருப்புளிதான் பெட்டியோடு எடைக்குப் போய்விட்டதே.

என் மேசை நான்காவது. பெல்ட்டில் டிவி வந்ததும் பின்மூடியைக் கழற்ற வேண்டும். குழாயின் கழுத்தில் காற்றை மெல்ல உள்ளே விட வேண்டும், இல்லையென்றால் அது வெடித்துச் சிரிக்கும். செம்புச் சுருளை உருவிக்கொண்டு அடுத்தவரிடம் தள்ள வேண்டும். அவர் சூடான கம்பியைச் சுற்றி முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் பிளப்பார். உள்ளே என்னவெல்லாம் வருகிறது தெரியுமா? பல்லி, கரப்பான் குடும்பம் மூன்று தலைமுறை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு. நேற்று ஒரு பெட்டிக்குள் யாரோ மனைவிக்குத் தெரியாமல் ஒளித்த சாராயப் புட்டி. மேஸ்திரி அதை ஆதாரமாகக் கைப்பற்றினார். இன்று அவர் மேல் வாசனை வந்தது.

உன் பூனை முகத்தைப் பற்றி எங்கள் வரிசை முழுவதற்கும் சொல்லிவிட்டேன். எந்தப் பெட்டி வந்தாலும் தலைகீழாகப் புரட்டுகிறார்கள். "மியாவ் அண்ணே, உங்க குட்டி இன்னும் வந்து சேரலியா?" என்று தினமும் கிண்டல். வரட்டும். சொல்லைக் கண்டதும் அன்றே எழுதுகிறேன்.

நிலாப் பண்டிகைக்கு ஆளுக்கு நான்கு நிலா கேக் கொடுத்தார்கள். இரண்டு அம்மாவுக்குப் பிடித்த ஐந்து பருப்பு வகை. வைத்திருக்கிறேன். அது கல் மாதிரி இருக்கிறது, புத்தாண்டு வரை தாங்கும்.

உன் கிழட்டுப் பூனை,
அப்பா

❖

யிங்தாய், அறை 306
10 அக்டோபர் 2010, ஞாயிறு

இன்னும் எதையும் கண்டுபிடிக்காத கொலம்பஸ் அப்பாவுக்கு,

ஒரு மாதம் ஆகிறது. ஹஃபெய் நிலாவிலா இருக்கிறது? லாரி காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறது. என் உறை மட்டும் ஊர்ந்து வருகிறதா?

அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும், காட்சிக்கு வைத்த டிவியைத் துடைக்கிற சாக்கில் என் பக்கம் வந்து, "எதாவது வந்துச்சா?" என்கிறாள். இல்லை என்றதும் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். எதிரே ஆட்டிறைச்சி நூடுல்ஸ் விற்கிறவர், "தங்கச்சி, என் நூடுல்ஸ் தானா ஆடுது, கொஞ்சம் குறைங்க," என்று கும்பிட்டார். அப்பா, ஒரே ஒரு சொல். அதற்கு அவள் ஏன் இப்படித் தவிக்கிறாள்? எனக்குப் புரியவில்லை.

சரி, முதல் பெட்டி எங்கோ மூட்டைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். இரண்டாவது அனுப்பியாயிற்று. தேசிய தின விடுமுறையில் எங்கள் பள்ளிக் கேன்டீன் கொடுத்த டிவி. அம்மா இரண்டாவது உறையும் எழுதிக் கொடுத்தாள், ஆனால் இந்த முறை நின்றபடியே கிறுக்கினாள். இரண்டுமே நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவை. விரிசல் இல்லை, மூடி உடையவில்லை, பார்க்கப் புதுசு மாதிரி. உடைந்த பெட்டியில் ஒட்டினால் வழியில் உறை விழுந்துவிடுமே. இவ்வளவு மூளை உள்ள மகள் உங்களுக்கு. அடியில் அதே பூனை முகம், இந்த முறை மீசையோடு.

கடைத் திருப்புளியால்தான் திறந்தேன். இந்த முறை ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டுதான் ஒட்டினேன். ஒற்றைக் கையால் திருகு முடுக்கிப் பாருங்கள், தெரியும். கடையின் மானேஜர் பான் பார்த்துவிட்டு, "பழைய டிவியில் உனக்கென்னம்மா வேலை? வாசலுக்குப் போ. ஃபிரிட்ஜ் சிரிச்ச முகமா இருக்கணும்," என்றார். ஃபிரிட்ஜுக்கு முகம் கிடையாது சார் என்றேன். அம்மா என் அட்டை முதுகில் ஒன்று வைத்தாள். உள்ளே எதிரொலித்தது.

எரிச்சலோடும் கொஞ்சம் நம்பிக்கையோடும்,
ஷுவாங்

❖

ஹஃபெய்
21 அக்டோபர் 2010

பூனைக்குட்டிக்கு,

வரவில்லை, குட்டி. இரண்டும் வரவில்லை.

ஒரு ஷிஃப்டுக்கு எங்கள் மேசைகளில் இருநூறுக்கு மேல் பெட்டி ஓடுகிறது. ஒவ்வொன்றையும் நானே புரட்டுகிறேன். என் ஷிஃப்டு முடிந்ததும் அடுத்த ஷிஃப்டு ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன். போன வாரம் உன் தோங் மாமாவின் லாரியை வாசலிலேயே பிடித்தேன். யிங்தாய்ச் சீட்டு ஒட்டிய பெட்டிகளைத் தனியாக இறக்கிப் பார்த்தேன். எல்லாம் நொறுங்கல். மூடி இல்லாதது, குழாய் உடைந்தது, எலி குடியிருந்தது. முடிதிருத்தும் கடை டிவி என்றாய், ஒரு முடிகூட வரவில்லை. புதுசு மாதிரி இருந்தது என்றாய். யிங்தாயிலிருந்து புதுசு மாதிரி எதுவுமே இங்கே வருவதில்லை.

லாரியில் ஏற்றும்போது நீ பக்கத்தில் இருந்தாயா? ஏற்றியதைக் கண்ணால் பார்த்தாயா? அடுத்த முறை அதை மட்டும் பார்த்து எழுது.

பெல்ட்டை நிறுத்தி நிறுத்திப் புரட்டுகிறேன் என்று மேஸ்திரி முறைக்கிறார். "இது ஆலையா, தபால் ஆபீஸா?" என்றார். முறைக்கட்டும். அம்மாவிடம் சொல், நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று. நம்பமாட்டாள். இருந்தாலும் சொல்.

அப்பா

❖

யிங்தாய், அறை 306
7 நவம்பர் 2010, ஞாயிறு

தேடிக்கொண்டே இருக்கும் அப்பாவுக்கு,

சொன்னேன். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை உறையில் போட்டு அனுப்ப முடிந்தால் அனுப்புவேன், நீங்களே திறந்து பாருங்கள்.

ஏற்றும்போது இருந்தாயா என்று கேட்டீர்கள். லாரி புதன்கிழமை வருகிறது, அன்று நான் பள்ளியில் கணக்குச் சாரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் விடவில்லை. தோங் மாமாவைப் பிடித்துக் கேட்டேன். "முற்றத்துல நிக்கிறதெல்லாம் ஏத்துறேன் பாப்பா, பாக்கி வைக்கிறதில்ல," என்றார். மானேஜர் பான் வைத்திருக்கிற தாளையும் எட்டிப் பார்த்தேன். காவ் மாமாவின் டிவி, கேன்டீன் டிவி, இரண்டும் 'ஹஃபெய் அனுப்பப்பட்டது' என்று சிவப்பு முத்திரையோடு இருக்கின்றன. கிளம்பியது கிளம்பிவிட்டது. வந்து சேரவில்லை என்று ஒரே ஒருவர்தான் சொல்கிறார். அந்த ஒருவருக்கு இந்தத் துறையில் முன் அனுபவம் உண்டு.

எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் எழுதத்தான் செய்கிறேன்.

மூன்றாவது உறைக்கு அம்மா எழுத மறுத்துவிட்டாள். "ரெண்டு தடவை கை நீட்டியாச்சு. மூணாவது தடவை நீட்டறதுக்கு என்கிட்ட கை இல்ல," என்று எழுந்து போனாள். ஒரு சொல் எழுதுவதற்குக் கை நீட்டுவது என்று யாராவது சொல்வார்களா? அதனால் மூன்றாவது சொல்லை நானே எழுதினேன். ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த டிவி. வெள்ளை நிறம், பளபளவென்று இருக்கிறது. அதில் போட்டிருக்கிறேன்.

இதுதான் கடைசி, அப்பா. இதை மட்டுமாவது கண்டுபிடியுங்கள். நீங்கள் அங்கே இல்லையென்றால் யாராவது அங்கே இருப்பவரைக் கெஞ்சியாவது கண்டுபிடியுங்கள்.

ஷுவாங்

❖

ஹஃபெய்
19 நவம்பர் 2010

ஷுவாங்குக்கு,

இதை எப்படி எழுதினாலும் நீ நம்பப் போவதில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன். என்னை டிவி மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கள் முதல் ஃபிரிட்ஜ் பிரிவு. பெட்டிகளைப் புரட்டி வரிசையைத் தாமதப்படுத்தினேன் என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்துவிட்டார். ஃபிரிட்ஜின் வயிற்றிலிருந்து வாயுவை உறிஞ்சிவிட்டு மஞ்சள் நுரையைச் சுரண்டுவது இப்போது என் வேலை. நுரைத் தூள் மூக்கில் ஏறி, நாள் முழுக்கத் தும்மல். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே உன் முகம் இருக்குமோ என்று பார்க்கிறேன்.

நான்காவது மேசையில் இப்போது லூ என்கிற பையன் இருக்கிறான். வெள்ளை டிவியைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் நானும் போய்ப் பார்க்கிறேன்.

வூஷியில் நான் செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆலையில் முந்நூறு பேரை ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். அன்று உனக்குப் பிறந்தநாள். ஃபோனில் நீ, "எங்கப்பா ஏசி செய்றாரு, எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்," என்றாய். அதன் பிறகு வாய் வரவில்லை. முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்வது கஷ்டம். நூறாவது நாள் சொல்லவே முடியாது.

இது சாக்கு இல்லை. நடந்தது.

அப்பா

❖

யிங்தாய், அறை 306
5 டிசம்பர் 2010, ஞாயிறு

திரு. மியாவ் தெகுய் அவர்களுக்கு,

வசதியாகப் போயிற்று. டிவிக்குள் உறை இருக்கிறது என்றதும் நீங்கள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டீர்கள். ஃபிரிட்ஜுக்குள் உறை வைத்தால் வாஷிங் மெஷினுக்குப் போவீர்கள். நான் ஆலையில் இருக்கிற சாமான் ஒவ்வொன்றிலும் உறை ஒட்டிக்கொண்டே இருக்கலாம், நீங்கள் அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கலாம். பூனை இல்லையா.

என் பிறந்தநாளையும் இழுத்துவிட்டீர்கள். அப்படியானால் நீங்கள் பொய் சொன்னதற்கும் நான்தான் காரணம். நல்லது. அந்தப் பழியையும் என் அட்டை உடுப்புக்குள் போட்டுக்கொள்கிறேன், உள்ளே நிறைய இடம் இருக்கிறது.

உங்களுக்காக வீட்டில் வக்கீல் வேலை பார்த்தவள் நான். மூன்று மாதமாக அம்மாவிடம், "இந்தத் தடவை நெஜம்மா, நெஜம்மா," என்று கெஞ்சியவள் நான். நேற்று அம்மா நூடுல்ஸ் கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "உன்மேல எனக்குக் கோபம் இல்லடி. நானும் உன்ன மாதிரிதான் நம்பினேன்," என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

புத்தாண்டுக்கு வர வேண்டாம். வந்தால் கதவைத் திறக்க ஒருத்தி இருந்தாள். இப்போது அவளும் இல்லை.

மியாவ் ஷுவாங்,
முதலாம் ஆண்டு, நான்காம் பிரிவு

❖

ஹஃபெய்
16 டிசம்பர் 2010

ஷுவாங்குக்கு,

கடிதம் கிடைத்தது.

வரவில்லை. புத்தாண்டுக்கு நின்றுகொண்டே வருவதற்கு ஒரு ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன். புத்தாண்டு நாட்களில் ஆலையைக் காவல் காக்க ஆள் கேட்டார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். என் கருவிப் பெட்டியையே எடைக்குப் போட்ட வீட்டுக்கு நான் வந்து என்ன செய்ய?

நிலா கேக் இரண்டையும் லூவிடம் கொடுத்தேன். பல் உடைந்துவிடும்போல் இருக்கிறது என்கிறான்.

குளிர் அதிகம். ஃபிரிட்ஜ் உடுப்புக்குள் கம்பளிச் சட்டை போட்டுக்கொள். இனி டிவியைத் திறக்காதே.

அப்பா

❖

யிங்தாய், வீடு
16 ஜனவரி 2011, ஞாயிறு

என் அப்பா, என் கிழட்டுப் பூனை, என் நான்காவது மேசைக்கு,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டாலும் நல்லதுதான்.

நேற்றுச் சனிக்கிழமை. புத்தாண்டு விற்பனை, கடையில் திருவிழாக் கூட்டம். நான் வாசலில் ஃபிரிட்ஜாக ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு கணவனும் மனைவியும் மூன்று சக்கர வண்டியில் பழைய டிவி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இறக்கும்போது அது பக்கவாட்டில் சாய்ந்தது. அடியில் பூனை முகம்.

என்னால் குனிய முடியவில்லை. ஃபிரிட்ஜுக்கு இடுப்பு கிடையாது. குனியப் பார்த்து அப்படியே குப்புற விழுந்து, உருண்டு, அந்த டிவியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். சுற்றி எல்லாரும் கைதட்டினார்கள், இதுவும் விளம்பரம் என்று நினைத்து. தரையில் கிடந்தபடியே கேட்டேன்:

"அண்ணே, இந்த டிவி உங்களுதா?"

"எங்க வீட்ல டிவியே கிடையாது பாப்பா. பழசு இல்லாம தள்ளுபடி இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதான் பின் சந்துப் பழைய சாமான் கடையில போய் ஒண்ணு வாங்கிட்டு வந்தோம். எல்லாரும் அங்கதான் வாங்கறாங்க."

"நல்லாத்தான் இருக்கு, பாத்தீங்களா, விரிசலே இல்ல," என்றார் அந்த அம்மா பெருமையாக.

அப்பா, விரிசல் இல்லாத டிவி. நான் உறை விழக்கூடாதென்று விரிசல் இல்லாததாகப் பொறுக்கினேன். மானேஜர் பானும் அதே மாதிரிதான் பொறுக்கியிருக்கிறார். பார்க்க நன்றாக இருப்பதைப் பின்கதவு வழியாகச் சந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, நொறுங்கியதை மட்டும் முற்றத்தில் விடுவார். தோங் மாமா முற்றத்தில் இருப்பதை ஏற்றுவார். சந்துக் கடை டிவியை டிவி இல்லாதவர்கள் வாங்கி, திரும்ப எங்கள் கடைக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். தாளில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஹஃபெய். நான்கு மாதமாக என் உறை ஊரைத்தான் சுற்றியிருக்கிறது. எத்தனை முறை என்று அந்த டிவிக்குத்தான் தெரியும். நீங்கள் அக்டோபரிலேயே எழுதினீர்கள், 'புதுசு மாதிரி எதுவுமே இங்கே வருவதில்லை' என்று. எனக்குப் படிக்கத் தெரிந்தது, புரிந்துகொள்ளத் தெரியவில்லை.

அம்மா ஒலிபெருக்கியோடு ஓடிவந்தாள். "எழுந்திருடி, மானத்தை வாங்காதே," என்றாள், ஒலிபெருக்கி போட்டபடியே. தெரு முழுக்கக் கேட்டது. நான் பூனை முகத்தைக் காட்டினேன். அம்மா ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள். கடைக்குள் போய், தன் அலமாரியைத் திறந்து, ஒரு திருப்புளி எடுத்துவந்தாள். பிடி பச்சை நிறம். எடைக்குப் போய்விட்டது என்றீர்களே, அதே பச்சை. திருகு ஒவ்வொன்றும் வெண்ணெய் மாதிரி கழன்றது.

உறை ஒட்டிய இடத்திலேயே இருந்தது. உள்ளே காவ் மாமா கடை முடி, பத்துத் தலைக்குப் போதும். பசை விடவில்லை, மேலே 'சூயிங்' என்ற அம்மாவின் கையெழுத்து கலையவில்லை. அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியே வாஷிங் மெஷின் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். "பிரிக்கவே இல்ல," என்றாள். "இது உங்கப்பா கைக்குப் போகவே இல்லடி." இரண்டு வருடமாக 'அந்த ஆளு'வாக இருந்தவர் நேற்று மத்தியானம் 'உங்கப்பா'வானார். சாட்சி நான்.

மானேஜர் பான் வந்தார். "என்ன கூத்து இது? மூடியை மாட்டி முற்றத்துல வைங்க," என்றார்.

அம்மா எழுந்து நின்றாள். "இது ஹஃபெய் போற டிவிதானே, மானேஜர்?"

"ஆமா, பின்ன?"

"தாள்ல ஏற்கெனவே போயிட்டு வந்திருக்கு. பாவம், அலுத்திருக்கும். இந்தத் தடவை நாங்களே கூட்டிட்டுப் போறோம்," என்றாள். ஒலிபெருக்கியை இன்னும் அணைக்கவில்லை. நூடுல்ஸ்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

திங்கள் முதல் அம்மா வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் ஃபிரிட்ஜ் வேலை போயிற்று. சிவப்புப் பட்டை இப்போது எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அம்மா இன்று காலை அதை வைத்து ஜன்னலைத் துடைத்தாள். நன்றாகத் துடைக்கிறதாம்.

உறையை நான் பிரிக்கவில்லை. நான்! வகுப்பாசிரியையின் நாட்குறிப்பையே படித்தவள்! அம்மாவைக் கெஞ்சினேன், நாலு மாதப் பழசுதானே, ஒரு சொல்தானே என்று. முகம் சிவந்துவிட்டது. "அவருக்கு எழுதினது. அவரே பிரிக்கணும். அப்புறம் அவரே வரட்டும்," என்றாள். அதனால் திரும்ப அதே இடத்தில் ஒட்டி, மூடியை மாட்டிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, நானே கொண்டுவருகிறேன். தோங் மாமாவுக்கு ஒரே அவமானம். "நான் எண்ணாம ஏத்தினேன் பாப்பா," என்று தலையில் அடித்துக்கொண்டு, முன் இருக்கையில் எனக்கும் டிவிக்கும் இடம் கொடுத்திருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவோம். ஃபிரிட்ஜ் பிரிவிலிருந்து அனுமதி வாங்கி, வாசலுக்கு வந்து நில்லுங்கள். மேஸ்திரியிடம் சொல்லுங்கள், ஒரே ஒரு பெட்டி, நான்காவது மேசை, வரிசை ஐந்து நிமிடம்தான் தாமதமாகும். அவர் முறைத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். டிசம்பரில் நான் எழுதியதை அவர் எதிரிலேயே காதைப் பிடித்துக்கொண்டு வாபஸ் வாங்குகிறேன். பச்சைப் பிடித் திருப்புளியும் வருகிறது.

நான் எழுதிய கடிதங்களில் டிசம்பர் ஐந்தாம் தேதிக் கடிதத்தை மட்டும் உங்கள் சூடான கம்பியால் பிளந்துபோடுங்கள். அதிலிருந்து புதுசாக எதுவும் செய்ய வேண்டாம்.

காவல் வேலைக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்குங்கள்.

உங்கள் குட்டி,
மியாவ்

❖

(உறைக்குள் இருந்த தாள்)

11 செப்டம்பர் 2010

இதைப் படிக்கிறீர்கள் என்றால் அங்கேதான் இருக்கிறீர்கள்.

உங்கள் கருவிப் பெட்டியை நான் எடைக்குப் போடவில்லை. கடையில் என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். துரு ஏறாமல் எண்ணெய் போட்டு வருகிறேன். போட்டுவிட்டேன் என்று சொன்னது பொய். பொய் சொல்ல உங்களுக்கு மட்டும்தான் வருமா?

ஷுவாங்குக்கு எழுத வேண்டிய சொல்: திருப்புளி. மற்றதை அவளுக்கு எழுத வேண்டாம்.

வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சூயிங்